காய்ச்சலுக்கு மலவாசலில் வைக்கும் மருந்து: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

கேள்வி: என் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல் வந்தால், பெனடோல் சிரப் கொடுத்தவுடன் சத்தி எடுத்துவிடுகிறாள். மலவாசலில் வைக்கும் மருந்தைப் பாவிக்கலாமா? தீமை ஏதும் உண்டா? – ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: பாவிக்கலாம் அம்மா. ஆனால் பார்மசியில் ‘காய்ச்சலுக்கு வைக்கிறது’ என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். டைக்குளோபெனாக் என்ற வலி நிவாரணியும் இதே வடிவில் வருகிறது. அது காய்ச்சலை இறக்கும்தான். டெங்கு என்றால் இரத்தக்கசிவுக்கும் வழிவிடும். கொழும்பில் எந்தக் காய்ச்சலிலும் டெங்குவை மறக்க முடியாது. ஆகவே பெட்டியில் பரசிட்டமோல் (பெனடோலில் உள்ள அதே மருந்து) என்று இருக்கிறதா என வாசித்துப் பாருங்கள்.

சரி, பரசிட்டமோல்தான். அதிலும் குறை இருக்கிறது. மலக்குடல் சிறியது, மருந்தைக் கரைக்க அங்கே ஓரிரு மில்லிலீற்றர் திரவமே உண்டு. மலம் தங்கியிருந்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வயிற்றோட்டம் என்றால் வெளியே போய்விடும். சிரப் பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்தத்தில் உச்ச அளவை எட்டும். இதற்கு இரண்டு, மூன்று மணித்தியாலம்கூட ஆகலாம். அதே பிள்ளைக்கு அதே அளவு வைத்தாலும் இன்றைக்குப் போல நாளைக்கு வேலை செய்யும் என்றில்லை.

எனக்குப் பெரிய பயம் இந்தத் தாமதத்தில்தான். ‘இன்னும் சுடுகிறதே’ என்று பெற்றோர் மேலதிகமாகச் சிரப்பும் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் ஒரே மருந்து, அளவு மீறினால் ஈரல் பாதிக்கப்படும். ஒரு தடவைக்கு உடல் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், அடுத்த தடவைக்கு 6 மணித்தியால இடைவெளி, 24 மணித்தியாலத்தில் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். வாயால் கொடுத்தது, கீழே வைத்தது எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு இது. தடிமனுக்கான சில சிரப்களிலும் பரசிட்டமோல் இருக்கும், அதையும் பாருங்கள். பெரிய அளவு மருந்தை வெட்டி வைப்பதும் நல்லதல்ல. இரண்டு துண்டிலும் மருந்து சமமாக இருக்குமென்று நம்ப முடியாது.

உடற்சூட்டிலேயே உருகும் வகைகள் உண்டு. நம் ஊர் வெக்கையில் அவற்றை அலுமாரியில் வைத்தால் இளகிவிடும். பெட்டியில் போட்டிருக்கும் வெப்பநிலையில் வையுங்கள். இரத்தம் உறைய உதவும் இரத்தத் தட்டுகள் குறைந்த பிள்ளைக்கும், மலவாசலில் சத்திரசிகிச்சை செய்த பிள்ளைக்கும் இந்த வழியே வேண்டாம்.

அப்புறம், சத்தியை இந்த மருந்தால் சமாளித்துவிட்டோம் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். காய்ச்சலோடு சத்தி விடாமல் வருவது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறிகளில் ஒன்று. வயிற்று வலி, சோர்வு, சிறுநீர் குறைதல் சேர்ந்தால் இரவென்றும் பாராமல் பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.