ரசத்தில் கரைந்த உப்புப் பூ (கடிதம்)

மேடம், வணக்கம்.

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் பாதி நாள் சமையல் என்னுடையது. போன மாதம் மகளும் மாப்பிள்ளையும் பிரான்சிலிருந்து வந்திருந்தார்கள். என் புது ஆர்வம் தெரிந்து மாப்பிள்ளை ஒரு பை நிறையச் சாமான் கொண்டுவந்தார். ‘ஃப்ளர் த செல்’ உப்பு, திஜோன் கடுகு விழுது, புய் பருப்பு, ட்ரஃபிள் எண்ணெய், அப்புறம் ‘வதுவான்’ என்று ஒரு மசாலா டப்பா.

உப்பை ரசத்தில் போட்டேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடுகு விழுது போட்டு உருளைக்கிழங்கு வதக்கினேன், லேசாகப் புளித்தது, அவ்வளவுதான். பருப்பு சாம்பாரில் கரையவே மாட்டேன் என்றது. ட்ரஃபிள் எண்ணெயில் முட்டை பொரித்தபோது என் மனைவி ஓடிவந்து சிலிண்டரை மூடிவிட்டாள், கேஸ் கசிகிறதாம்! வதுவானைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இங்கே சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு வெண்ணெய்கூடப் பார்த்தேன், விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இவற்றில் உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை வெறும் பெயர்தானா?

கே., கோவை

அன்புள்ள கே. சார்,

முதலில் உங்கள் வீட்டம்மாவின் மூக்குக்கு ஒரு வணக்கம். சமையல் கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று கந்தகம் உள்ள மெர்காப்டனைக் கலக்கிறார்கள். ட்ரஃபிள் எண்ணெயின் வாசனையும் கந்தகக் குடும்பம்தான். பெரும்பாலான பாட்டில்களில் இருப்பது ஆலையில் தயாரித்த 2,4-டைதயாபென்டேன் என்கிற ரசாயனம். நிஜ ட்ரஃபிள் ஓக் மர வேரை ஒட்டி மண்ணுக்கடியில் விளைகிற பூஞ்சை. பிரான்சின் பெரிகோர் பக்கத்துக் கறுப்பு ட்ரஃபிளைக் குளிர்காலத்தில் நாயை மோப்பம் பிடிக்கவிட்டுத் தோண்டி எடுப்பார்கள். முட்டைகளோடு ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தால் ஓட்டைத் தாண்டி முட்டைக்குள் மணம் ஏறிவிடும். அந்த வித்தையெல்லாம் பாட்டிலில் வராது. இருப்பதை மசித்த உருளைக்கிழங்கில், அடுப்பை அணைத்தபிறகு, இரண்டு சொட்டாக விட்டுத் தீர்த்துவிடுங்கள். மறுபடி வாங்க வேண்டாம்.

மற்றவை வெறும் பெயர் இல்லை. போடுகிற நேரம்தான் தப்பிவிட்டது. பருப்பு சாதத்துக்கு நெய்யை இலையில்தானே விடுகிறோம்? இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயைக் காய்ச்சியா ஊற்றுகிறோம்? உங்கள் பையில் இருந்தவற்றில் பாதி அந்த ஜாதி.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் மேற்குக் கரையில் கெராந்த் என்ற ஊரின் உப்பளங்களில், கோடையில் வெயிலும் காற்றும் கூடிவந்தால் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு படியும். பாலாடை எடுப்பதுபோல அதை வழித்தெடுப்பார்கள். ‘ஃப்ளர் த செல்’ என்றால் உப்புப் பூ. பல்லில் நொறுங்குவதுதான் அதன் மகிமை. கரைந்துவிட்டால் தூத்துக்குடிக் கல்லுப்புக்கும் அதற்கும் பெரிய பேதம் இல்லை. (முதல் பொட்டலத்தை நூடுல்ஸ் வேகும் தண்ணீரில் கொட்டியவள் நான். அதனால் உங்களைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை.) தக்காளித் துண்டின் மேல், பாதியாக வெட்டிய அவித்த முட்டையின் மேல் ஒரு சிட்டிகை தூவிப் பாருங்கள்.

கடுகின் கதை இன்னும் சுவாரசியம். திஜோன் விழுதுக்காக அரைபடுகிற பழுப்புக் கடுகு நம் ஊரில் விளைகிற அதே இனம்தான். அதிலும் பெரும்பங்கு கனடாவிலிருந்து வருகிறது. 2021-ல் அங்கே வறட்சி வந்ததும் அடுத்த வருஷம் பிரெஞ்சுக் கடைகளில் கடுகு அலமாரி காலியானது. கடுகை ஈரத்தோடு அரைத்தால்தான் உள்ளே இருக்கும் நொதி வேலை செய்து காரம் பிறக்கும். நாம் முழுசாகச் சூடான எண்ணெயில் போட்டு வெடிக்கவிடுவதால் அந்தக் காரத்துக்கு வழியே இல்லை. பிறந்த காரமும் சூட்டில் ஆவியாகிப் போகும். உங்கள் வாணலியில் நடந்தது அதுதான்; புளிப்பு மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சுக்காரர்களும் முயல் கறியில் இதைப் போட்டு வேகவைப்பார்கள், ஆனால் அது காரத்துக்காக அல்ல, குழம்புக்கு ஒரு திரட்சியும் ருசியும் வர. நீங்கள் அரை ஸ்பூன் விழுதை 1 ஸ்பூன் வினிகரில் கலக்கி, 3 ஸ்பூன் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அடியுங்கள். எண்ணெயும் வினிகரும் பிரியாமல் கடுகு பிடித்துவைத்துக்கொள்ளும்.

இதை ஊற்றவேண்டிய இடம் அந்தப் பிடிவாதக்காரப் பருப்பு. புய் பருப்பு நம் மைசூர்ப் பருப்புக்குச் சொந்தம், ஆனால் தோலோடு, சின்னதாக, கரும்பச்சையாக இருக்கும். எரிமலை மண்ணில் விளைவது. நம் புவிசார் குறியீடு மாதிரியான பிரெஞ்சு முத்திரை 1996-ல் அதற்குக் கிடைத்தது. கரையாமல் நிற்பதற்காகவே அதை வாங்குகிறார்கள், நீங்கள் சாம்பாரில் போட்டுத் திட்டுகிறீர்கள்! குக்கர் வேண்டாம். திறந்த பாத்திரத்தில், கிராம்பு குத்திய ஒரு வெங்காயத்தோடு 20, 25 நிமிஷம். வடிகட்டிச் சூடாக இருக்கும்போதே கடுகுக் கலவையை ஊற்றிவிடுங்கள். ஆறினால் உள்ளே இறங்காது. மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம்.

வெண்ணெயை விட்டுவந்தது நல்லதுதான். உப்பில்லாத பிரெஞ்சு வெண்ணெயில் கொழுப்பு குறைந்தது 82 சதவீதம், நம் பாக்கெட்டில் 80. அந்த இரண்டில் பெரிதாக ஒன்றுமில்லை. வித்தியாசம், பாலேட்டைப் புளிக்கவைத்துக் கடைவதில் இருக்கிறது. அதை உங்கள் அம்மா தினமும் செய்திருப்பார். ஏட்டைச் சேர்த்து, உறை ஊற்றி, கடைந்து, ஐஸ் தண்ணீரில் மோர் போகக் கழுவுங்கள். இளம் முள்ளங்கியில் இந்த வெண்ணெயைத் தடவி, உப்புப் பூவைத் தூவிக் கடித்தால் அதுவே பிரெஞ்சுக்காரர்கள் விரும்பிச் சாப்பிடுகிற ஒரு தீனி.

வதுவானுக்கு வருவோம். இதை மட்டும் கடைசியில் போடாதீர்கள், முதலில் போடவேண்டும். வெண்ணெய் உருகி நுரை அடங்கும்போது ஒரு ஸ்பூன் போட்டு, மணம் வந்ததும் வறுத்த மீன் மேலோ வேகவைத்த காலிஃப்ளவர் மேலோ ஊற்றுங்கள். வெங்காயம், பூண்டு, சீரகம், வெந்தயம், கடுகு எல்லாம் கலந்த இந்த மசாலா புதுச்சேரி வழியாகத்தான் பிரான்சுக்குப் போனது. டப்பாவைத் திறந்து, லேபிளைக் காட்டாமல் உங்கள் வீட்டம்மாவிடம் முகரக் கொடுங்கள். அந்த மூக்குக்கு ஒரு நொடி போதும், தாளிப்பு வடகம் என்று சொல்லிவிடுவார்.