ஒரு பகுதியின் பொருளாதாரத்துக்கு லாரித் தொழில் எவ்வளவு முக்கியம்?

பெங்களூர் கலாசிபாளையத்தில், சரக்குக்கு லாரி பிடித்துக்கொடுக்கும் புக்கிங் ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். தினமும் கையாளும் பெங்களூர் - நாமக்கல் ரூட்டை வைத்தே சொல்கிறேன்.

வாடகைத் தொகையைப் பார்த்துத் தொழிலை எடைபோட முடியாது. அந்தப் பணம் எங்கெல்லாம் பிரிந்து போகிறது என்று பார்க்கவேண்டும். பெரும்பங்கு டீசலுக்கு. பிறகு டோல், டிரைவர் பேட்டா, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எங்கள் கமிஷன், வண்டி டியூ. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் போனால் பாடி கட்டும் பட்டறை, டயர் ரீட்ரேடிங், வெல்டிங், தார்ப்பாய்க் கடை என்று ரோட்டோரம் முழுக்க இதே பிழைப்புதான். மழையை நம்பிய மேட்டாங்காட்டை மட்டும் வைத்திருந்தால் அந்தக் குடும்பங்களில் பல தலையெடுத்திருக்காது.

யாரும் பேசாத விஷயம் ரிட்டர்ன் லோடு, அதாவது வண்டி திரும்பிப் போகும்போது ஏற்றும் சரக்கு. பெங்களூருக்குத் துறைமுகம் கிடையாது. சிமெண்ட், எம்-சாண்ட், உப்பு, நாமக்கல் முட்டை என்று எவ்வளவோ சரக்கு ரோட்டில்தான் வருகிறது. ஆனால் இந்த ஊர் அதிகம் சம்பாதிப்பது கம்ப்யூட்டரில். அதை ஏற்றிப்போக லாரி வேண்டாம். எனவே வருகிற வண்டி நிறைந்து வருகிறது, போகிற வண்டி காய்கிறது. சாயந்திரமானால் போன் அடிக்கும்: "அண்ணே, வண்டி காலியா நிக்குது, சேலம் பக்கம் ஏதாச்சும் போட்டு விடுங்க." கோலார் தக்காளி சீசன் என்றால் தப்பித்தார்கள். கோழித்தீவனத்துக்குத் தாவணகெரே மக்காச்சோளம் ஏற்ற நினைத்தால் இன்னும் வடக்கே போகவேண்டும். இல்லையென்றால் டீசல் காசு தேறினால் போதும் என்று கிடைத்த ரேட்டுக்குக் கிளம்புவார்கள். அந்த நஷ்டத்தையும் சேர்த்துத்தான் வரும்போதே வாடகை பேசுகிறார்கள். கடைசியில் அது பெங்களூர்க்காரர் வாங்கும் சிமெண்ட் மூட்டை விலையில் உட்கார்ந்துவிடுகிறது.

நேரமும் காசுதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் தமிழ்நாடு - கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் வரிக்காகக் காத்துக்கிடந்தது ஒழிந்தது. ஆனால் பகலில் கனரக வண்டிகளுக்கு ஊருக்குள் அனுமதியில்லை என்பதால் வெளியே ஓரம்கட்டி இரவுக்குக் காத்திருக்கிறார்கள். காத்திருந்ததற்கு ஹால்டிங் காசு கேட்டால் சரக்குக்காரர் முகம் சுளிப்பார்.

2018-ல் பத்துச் சக்கர வண்டியின் மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். சரக்குக்காரருக்கு லாபம். ஆனால் அதே சரக்குக்குக் குறைந்த வண்டி போதும் என்றானதில் அடிபட்டவர் ஒற்றை லாரி வைத்திருப்பவர் என்பது என் கருத்து. இத்தனைக்கும் ரோட்டில் ஓடுவதில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட சின்ன முதலாளிகளின் வண்டிகள்தான்.

உங்கள் ஊர் நிலவரம் தெரியவேண்டுமா? பக்கத்துப் புக்கிங் ஆபீஸில் ஒரே ஊருக்குப் போக என்ன ரேட், அங்கிருந்து வர என்ன ரேட் என்று கேளுங்கள். உங்கள் ஊர் அதிகம் அனுப்புகிறதா, அதிகம் வாங்குகிறதா என்பது அந்த வித்தியாசத்திலேயே தெரிந்துவிடும்.