ஆன்டிகார்டியோலிப்பின் ஒரு லேபில் 62, இன்னொன்றில் 24: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 34. ஏப்ரலில் இடது காலில் ரத்தக்கட்டி வந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்ஸபான் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஆன்டிகார்டியோலிப்பின் ஐஜிஜி ஒரு லேபில் 62 என்று வந்தது. இரண்டு வாரம் கழித்து வேறு லேபில் 24. லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ் என்கிறார்கள். எனக்கு ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் இருக்கிறதா?

பதில்: இந்த ரிப்போர்ட்டுகளை வைத்து இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பது, உடல் தவறாகத் தயாரிக்கும் ஆன்டிபாடிகளால் ரத்தக்கட்டி உண்டாகும் நோய். ஆன்டிகார்டியோலிப்பின் அந்த ஆன்டிபாடிகளில் ஒன்று, ஐஜிஜி அதன் ஒரு வகை.

முதலில் 62-ம் 24-ம். எந்த லேபும் தவறு செய்யாமலேயே இப்படி வரலாம். இந்த எண்களின் அலகான ஜிபிஎல் 1980-களில் வந்தது. ஒரு மில்லி லிட்டரில் 1 மைக்ரோகிராம் சுத்திகரித்த ஆன்டிபாடி என்றால் 1 ஜிபிஎல். ஆனால் ஒவ்வொரு கிட் கம்பெனியும் தன் அளவுகோலைத் தானே தயாரிக்கிறது, சோதனைத் தட்டில் பூசும் புரதமும் வேறுபடும். 40-க்கு மேல் இருந்தால் கணக்கில் எடுக்கலாம் என்பது எலைசா (தட்டில் நிறம் மாறுவதை வைத்து அளக்கும்) முறைக்கான வரம்பு. கெமிலூமினசென்ஸ் (வெளிவரும் ஒளியை வைத்து அளக்கும்) மெஷினில் வந்த எண்ணை அந்த 40-உடன் ஒப்பிடவே கூடாது. ரிப்போர்ட்டின் அடியில் எந்த முறை, எந்த கிட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் முடிவில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். அது ஆன்டிபாடியை எண்ணுவதில்லை. ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்றுதான் பார்க்கிறது. ஆன்டிபாடி இருந்தால் சோதனைக் குழாயில் அந்த நேரம் நீளும். அதில் ஒரு சோதனை கண்ணாடிவிரியன் விஷத்தால் செய்வது. விஷம், ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் ஒன்றான பத்தாம் காரணியைத் தூண்டிவிடும். நீங்கள் சாப்பிடும் ரிவராக்ஸபான் அதே காரணியைத்தான் கட்டிப்போடுகிறது. உறையும் நேரம் நீளும், லேப் பாசிட்டிவ் என்று எழுதிவிடும்! அடுத்த மாத்திரைக்குச் சற்று முன் ரத்தம் எடுத்தால் தொந்தரவு குறையும், முழுவதும் போகாது. மாதிரியிலிருந்து மருந்தை உறிஞ்சி எடுக்கும் கரி சார்ந்த பொருள் சில லேப்களில் உண்டு. இல்லையென்றால் உங்கள் டாக்டர் சில நாள் ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிக்கு மாற்றி, கடைசி ஊசிக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம் விட்டு எடுக்கச் சொல்வார்.

ரத்தம் எடுக்கும் விதமும் முக்கியம். 3.2 சதவீத சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட். பாதிக் குழாய் என்றால் சிட்ரேட் மிகுந்து நேரம் பொய்யாக நீளும். பிறகு சென்ட்ரிஃபியூஜில் இரண்டு முறை சுற்ற வேண்டும். தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே போகாமல் மாதிரியை ஃப்ரீஸரில் வைத்தால், அவை உடைந்து கொழுப்பை வெளியே விடும். ஆன்டிபாடி அதில் ஒட்டிக்கொண்டு, உண்மையான பாசிட்டிவே நெகட்டிவ் ஆகிவிடும். கலெக்‌ஷன் சென்டரில் ஒரே சுற்றோடு அனுப்பும் மாதிரிகளில் இது நடக்கிறது.

முதல் பரிசோதனையிலிருந்து 12 வாரம் கழித்து ஒரே லேபில், ஒரே முறையில் மூன்றையும் செய்யுங்கள்: ஆன்டிகார்டியோலிப்பின், ஆன்டி பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் (இதே நோயின் இன்னொரு ஆன்டிபாடி), லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட். தொற்றுநோயால் தற்காலிகமாக ஏறிய ஆன்டிபாடி அதற்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். மூன்றும் பாசிட்டிவ் என்றால் ரிவராக்ஸபானை விட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரினுக்கு மாறுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அப்படிப்பட்டவர்களிடம் ரிவராக்ஸபான் எடுத்தபோது பக்கவாதமும் மாரடைப்பும் கூடுதலாக வந்ததை 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. டெஸ்ட்டுக்காக மாத்திரையை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.