கம்பர்லாந்துக்கு அப்புறம்

அன்புள்ள ஐயா,

போன மே மாதம் நானும் இரண்டு தோழிகளும் பிட்ஸ்பர்க்கில் கிளம்பி, கிரேட் அலிகேனி பாதையில் சைக்கிளிலேயே கம்பர்லாந்து வரை வந்தோம். 150 மைல். அங்கிருந்து சி அண்ட் ஓ (செசபீக் அண்ட் ஒஹையோ) கால்வாயின் கரையோரத் தடமான டோபாத் வழியாக வாஷிங்டன் போய்ச் சேர்வதாகத் திட்டம். கால்வாயில் முதல் நாளே மழை, முழங்கால் வரை சேறு. "எங்கே பார்த்தாலும் ஒரே மரம், ஒரே ஆறு. இதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று தோழிகள் கம்பர்லாந்துக்குத் திரும்பி ரயிலேறிவிட்டார்கள். நானும் அவர்களோடு வந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

இந்தச் செப்டம்பரில் விட்ட இடத்திலிருந்து தனியாகத் தொடரலாம் என்று இருக்கிறேன். வயது நாற்பத்தெட்டு. பஞ்சர் பார்க்கவும் கூடாரம் போடவும் தெரியும். "துணைக்கு ஆள் இல்லாமலா?" என்று அம்மா போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்கு இருக்கும் பயம் வேறு. ஏற்றமும் இறக்கமும் இல்லாத, மாறவே மாறாத ஒரு பாதையில் தனி ஆளாக ஐந்தாறு நாள் என்ன செய்வது? நீங்கள் அந்த வழியில் தனியாகப் போனதாக எழுதியிருந்தீர்கள். நான் போகலாமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள எம்,

போங்கள். தோழிகள் மனம் மாறி வருகிறோம் என்று சொன்னாலும், இந்த ஒரு முறை தனியாகவே போய்விட்டு வாருங்கள்.

நீங்கள் மே மாதம் வந்த பாதை ஒரு காலத்தில் ரயில் ஓடிய தடம். ஏறி ஏறி 2,392 அடியில் நீர்பிரி முகட்டைத் தொடுவது, பள்ளத்தாக்கைத் தாண்டும் நீண்ட பாலம், மலையைக் குடைந்த சுரங்கம், அதிலிருந்து வெளியே வந்ததும் கண்முன் விரியும் மலைவரிசை என்று ஒவ்வொன்றும் உங்களைக் கூப்பிட்டுக் காட்டும். நாலு பேர் சேர்ந்து போய் ரசிக்க ஏற்ற பாதை அது. கம்பர்லாந்துக்கு அப்புறம் அப்படி எதுவும் கூப்பிடாது. அடுத்த 184.5 மைலும் படகை இழுத்த கோவேறு கழுதைகள் நடப்பதற்காகப் போட்ட தடம். நாமாக நின்று பார்த்தால்தான் உண்டு. கூட்டமாகப் போகும்போது நிற்க முடியாது. யாராவது ஒருவர் முன்னால் போய்க்கொண்டே இருப்பார், அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். உங்கள் தோழிகள் சொன்னதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டு மைல் வேகத்தில் பேசிக்கொண்டே போனால் அது ஒரே மரம், ஒரே ஆறுதான்.

சரி, நின்றால் என்ன இருக்கிறது? ஒரு லாக்கைச் சொல்கிறேன், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. மொத்தம் 74 லாக்குகள். உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் உட்காருங்கள். 15 அடி அகலமும் 100 அடி நீளமும் உள்ள ஒரு கல் தொட்டி அது. அதற்குள் நுழைந்த படகுகளின் அகலம் பதினாலரை அடி. அதாவது பக்கத்துக்கு ஒரு சாண்கூட மிச்சமில்லாமல் நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகை உள்ளே விட்டிருக்கிறார்கள், இருட்டிலும். மேல்பக்கக் கதவுகள் இரண்டும் சேரும் இடம் நீரோட்டத்துக்கு எதிராக முனை நீட்டி நிற்கும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக்கமாக அவை மூடிக்கொள்ளும். தாழ்ப்பாள் தேவையில்லை. அப்புறம் கீழ்க்கதவின் அடியில் உள்ள சின்னத் திறப்புகளை இரும்புச் சாவி போட்டுத் திருகினால் தண்ணீர் வடியும். படகு எட்டடி போல இறங்கும். கீழ்க்கதவைத் திறந்து கழுதைகளை ஓட்டுவார்கள். இப்படி எட்டெட்டு அடியாக, கம்பர்லாந்தின் 605 அடி உயரத்திலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் கடல் மட்டத்துக்குப் படகை இறக்கினார்கள்.

ஏற்ற இறக்கம் இல்லாத பாதை என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது, ஆனால் லாக்குகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு லாக் வரும்போதும் பாதை சட்டென்று ஒரு சின்னச் சரிவாக இறங்கும். பெடல் மிதிக்காமலே சைக்கிள் உருளும். அந்த எட்டடி தான் அது. ஒரு முறை இதைத் தெரிந்துகொண்டால், அப்புறம் ஒவ்வொரு சரிவிலும் உங்களுக்குள் கதவு திறக்கும், தண்ணீர் வடியும்.

சில லாக்குகளின் பக்கத்திலேயே வெள்ளையடித்த ஒரு சின்ன வீடு இருக்கும், லாக் பார்த்துக்கொண்டவரின் வீடு. ஆண்டுச் சம்பளமும், தோட்டம் போட ஒரு துண்டு நிலமும் கொடுத்தார்கள். ராத்திரி எந்த நேரத்தில் கொம்பு ஊதினாலும் எழுந்து வர வேண்டும். படகிலும் குடும்பங்கள்தான். பெரிய பிள்ளைகள் கழுதைகளோடு நடந்தார்கள். நடக்கப் பழகும் குழந்தை தண்ணீரில் விழுந்துவிடாமல் இருக்கக் கயிற்றில் கட்டிப் படகின் மேல் விட்டிருப்பார்கள். கழுதைகளில் ஒரு ஜோடி இழுக்கும்போது இன்னொரு ஜோடி படகின் முன்பக்கத் தொழுவத்தில் ஓய்வெடுக்கும். பிள்ளைகளுக்கு அப்படி முறை வைத்து ஓய்வு கொடுத்தார்களா என்று யோசித்தால் எனக்கு மனசு கனத்துவிடுகிறது.

பா-பா சுரங்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. 155ஆவது மைல் கல்லை ஒட்டி வரும். ஆற்றின் ஆறு மைல் வளைவுகளைத் தவிர்ப்பதற்காக மலைக்குள் 3,118 அடி குடைந்தார்கள். 1836இல் தொடங்கிய வேலை 1850இல்தான் முடிந்தது. நடுவில் பணம் தீர்ந்து பல வருஷம் நின்றுபோனது. இதே கால்வாய்க்கு ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் முதல் மண் வெட்டிய அதே நாளில், 1828 ஜூலை 4 அன்று, பால்டிமோரில் போட்டியாக பி அண்ட் ஓ (பால்டிமோர் அண்ட் ஒஹையோ) ரயில் பாதையும் தொடங்கியது. ரயில் 1842இல் கம்பர்லாந்துக்கு வந்துவிட்டது. கால்வாய் வந்து சேர எட்டு வருஷம் கூடுதலாகப் பிடித்தது. கால்வாய் நஷ்டத்தில் மூழ்கியதற்கு இந்தச் சுரங்கம் ஒரு பெரிய காரணம்.

உள்ளே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும். பாதை குறுகல், தரை மேடு பள்ளம், தலைக்கு மேலே சொட்டு. ஹெட்லைட்டை எரியவிட்டு, ஒரு கையால் தண்ணீர்ப் பக்கம் உள்ள மரக் கைப்பிடிச் சட்டத்தைத் தடவிக்கொண்டே போங்கள். விரல் நுழையும் அளவுக்குப் பள்ளங்கள் தட்டுப்படும். இழுவைக் கயிறு வருஷக்கணக்கில் உரசி அறுத்த தடங்கள் அவை. அங்கே கொஞ்ச நேரம் விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். பக்கத்தில் பேச ஆள் இருந்தால் இதைச் செய்ய மாட்டோம். நான் தனியாகப் போகச் சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை.

இந்தப் பாதை இன்று நமக்கு மிஞ்சியிருப்பதே ஒரு வாசகர் கடிதத்தால்தான். 1924 வெள்ளத்தோடு படகுகள் நின்றன. 1954இல் கால்வாய் ஓரமாகக் கார்கள் போக ஒரு சாலை போடலாம் என்ற யோசனையை ஆதரித்து வாஷிங்டன் போஸ்ட் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் அந்தப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் போட்டார். என்னோடு முழுத் தூரமும் நடந்து பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் என்று. பத்திரிகைக்காரர்களும் வந்தார்கள். மார்ச் மாதக் குளிரில் கம்பர்லாந்திலிருந்து எட்டு நாள் நடை. இடையில் சேர்ந்தும் விலகியும் நடந்தவர்கள் பலர். முழுத் தூரமும் நடந்து முடித்தது 9 பேர், டக்ளஸையும் சேர்த்து. பத்திரிகை தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனது. அதனால், நடுவில் விட்டுவிட்டு வந்தோமே என்று உறுத்த வேண்டியதில்லை. அந்தப் புகழ்பெற்ற நடையிலேயே பெரும்பாலானவர்கள் முடிக்கவில்லை.

இனி அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது. பாதை முழுக்க மைல் கற்கள் உண்டு, ஜார்ஜ்டவுனிலிருந்து எண்ணியவை. ஏதாவது அவசரம் என்றால் 911இல் மைல் எண்ணைச் சொன்னால் போதும், அதுதான் உங்கள் முகவரி. ராத்திரி எந்த முகாமில் தங்குகிறீர்கள் என்பதைத் தினமும் வீட்டுக்குச் செய்தியாக அனுப்புங்கள். ஐந்தாறு மைலுக்கு ஒன்று என்ற கணக்கில் முகாம்கள் இருக்கின்றன. பெரும்பாலும் இலவசம், ஒரு ராத்திரி தங்கலாம். கைப்பம்பு, மேசை, கழிப்பறை இருக்கும். செப்டம்பரில் பம்புகளில் தண்ணீர் வரும். நவம்பர் நடுவில்தான் கைப்பிடியைக் கழற்றுவார்கள். கூடாரம் வேண்டாம் என்று ஒரு ராத்திரி தோன்றினால், சில லாக் வீடுகளை வாடகைக்கு விடுகிறார்கள், முன்பதிவு செய்ய வேண்டும். கம்பர்லாந்துக்கும் அடுத்து வரும் ஹான்காக் ஊருக்கும் நடுவே அறுபது மைல். அதில் கடை என்று நம்பிப் போக முடியாது, போன் சிக்னலும் பல இடங்களில் இருக்காது. முதல் இரண்டு நாள் சாப்பாட்டைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மனிதர்களைவிடப் பயப்பட வேண்டியது உண்ணிக்குத்தான். இந்தப் பக்கத்து உண்ணிகள் லைம் நோயைக் கொண்டுவரும். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாவற்றையும் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள். முதுகைப் பார்க்க ஆள் இருக்காது, ஒரு சின்னக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள்.

சேறு மே மாதம் உங்களைத் தோற்கடித்தது. செப்டம்பரிலும் மழை பெய்தால் அதே களிமண்தான். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர் போடுங்கள். மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே விரல் தாராளமாகப் போகட்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்துச் சக்கரமே சுற்றாது. பெரிய மழை என்றால் கூடாரத்துக்குள் ஒரு நாள் படுத்துவிடுங்கள். ஹான்காக்கை ஒட்டி வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில் டிரெயில் என்று தார் போட்ட பாதை கால்வாய்க்கு இணையாகவே ஓடுகிறது. டயர் சிக்கினால் லிட்டில் ஆர்லியன்ஸில் அதற்கு மாறிக்கொள்ளலாம். ஆறு பெருகும் காலத்தில் பாதையின் சில பகுதிகளை மூடுவார்கள். கிளம்பும் முன் பூங்காவின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் உங்கள் நிஜமான பயம். முதல் நாள் பாதி வரை சலிப்பாகத்தான் இருக்கும். வீட்டுக் கணக்கு, ஆபீஸ் சண்டை, பத்து வருஷத்துக்கு முன் யாரோ சொன்ன சொல் எல்லாம் தலைக்குள் ஓடும். ஓடட்டும், தடுக்காதீர்கள். நான் போனபோது எப்போது அது நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் கட்டைமேல் வெயில் காயும் ஆமைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. சாம்பல் நிற நாரை ஒன்று, நான் நெருங்கியதும் எழும்பி நூறு கெஜம் தள்ளிப் போய் உட்காரும். திரும்ப நெருங்கினால் திரும்ப எழும்பும். இப்படி ஒரு மைல் போல என்னைக் கூட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு நான் வேகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு முப்பது மைல் போதும், அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஜார்ஜ்டவுனுக்குள் வந்ததும் கடைகளையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டுப் பலரும் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். பூஜ்ய மைல் கல் அங்கே இல்லை. ராக் க்ரீக் ஓடை போடோமாக் ஆற்றில் கலக்கும் இடத்தில், தாம்சன் படகுத்துறைக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. கண்ணில் சட்டென்று படாது, விசாரித்துக்கொண்டு அதுவரை போய்விடுங்கள்.

அன்புடன்.