பாதியில் இறுகிய ஸ்பார்க் பிளக்கை இனி பலம் போட்டுத் திருக வேண்டாம்

2006 ஃபோர்டு எஃப்-150, 5.4 லிட்டர் மூன்று வால்வு இன்ஜின், கழற்றும்போது நான்காவது ஸ்பார்க் பிளக் கால் சுற்றுக்கு மேல் அசையவில்லை என்கிறீர்கள். முதலில் ராட்செட் ஸ்பேனரைக் கீழே வையுங்கள் நண்பரே.

இந்த இன்ஜினோடு வந்த பிளக் இரண்டு துண்டைச் சேர்த்துச் செய்தது. மரைக்குக் கீழே நீளமாக ஒரு மெல்லிய குழாய் இருக்கும். அதைச் சுற்றிக் கரி படிந்து சிலிண்டர் ஹெட்டோடு (இன்ஜினின் மேல்பாகம்) கவ்விக்கொள்ளும். பலம் காட்டினால் மேல் பாதி மட்டும் கையோடு வரும்.

சூடாக இருக்கும்போது கழற்றினால் சுலபம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள், கம்பெனியின் சர்வீஸ் குறிப்பே ஆறிய இன்ஜினில்தான் கழற்றச் சொல்கிறது. பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்து மண்ணை எடுங்கள். அரை டீஸ்பூன் கார்புரேட்டர் கிளீனர் விட்டுக் குறைந்தது 15 நிமிடம் ஊறவிடுங்கள். நான் ஒரு மணி நேரம் விடுவேன்.

அப்புறம் கொஞ்சம் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி... கிறீச்சென்று சத்தம் வரும், பயப்பட வேண்டாம். கை கனத்தால் நிறுத்தி இன்னும் கொஞ்சம் கிளீனர். தட்டித் தட்டித் திருகும் இம்பாக்ட் கன் பக்கமே போகாதீர்கள். எட்டு பிளக்குக்கு எனக்கு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. கடைசி ஒன்றில் அவசரப்பட்டு உடைத்தேன்.

உடைந்தால் லைல் 65600 என்ற கருவி மிச்சத்தை இழுத்துவிடும்.

புதிதாக ஒரே துண்டாலான பிளக் வாங்குங்கள். நிக்கல் ஆன்டி-சீஸை (இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) மரையில் தடவாமல் கீழ்க்குழாயில் மட்டும் மெலிதாகத் தடவி, 34 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு இறுக்குங்கள்.