மேனுவலில் 45 டிகிரி என்று போட்டிருந்தால் சரிவில் டோசரை இறக்கலாமா?

கேள்வி: நான் தர்மபுரி பக்கம். டோசர் ஆபரேட்டர். இதுவரை கல் குவாரியிலும் லேஅவுட் வேலையிலும்தான் ஓட்டியிருக்கிறேன். இப்போது இமாச்சலில் ஒரு சாலை ஒப்பந்த வேலைக்கு வந்திருக்கிறேன். வண்டி பழைய டி80, ஸ்டீயரிங் கிளட்ச் மாடல். மலைச்சரிவின் குறுக்கே ஓட்டிப் பாதை வெட்டச் சொல்கிறார்கள். 'மேனுவலிலேயே 45 டிகிரி வரை போட்டிருக்கிறது, தைரியமாகப் போ' என்கிறார் சைட் இன்ஜினியர். உண்மையில் எத்தனை டிகிரி வரை போகலாம்? வண்டி வழுக்க ஆரம்பித்தால் என்ன செய்வது? மேலே தகரக் கூரை மட்டும்தான் இருக்கிறது, பரவாயில்லையா?

பதில்: முதலில் அந்த 45-ஐப் பார்த்துவிடுவோம். டோசர் மேனுவல்களில் இப்படி ஒரு எண் வருவது உண்மைதான். ஆனால் வண்டி எவ்வளவு சரிவில் கவிழாமல் நிற்கும் என்பதை அது சொல்லவில்லை. வண்டி அந்த அளவு சாய்ந்தாலும் பம்ப் ஆயிலை இழுக்கும், இன்ஜினுக்கு லூப்ரிகேஷன் கிடைக்கும் என்பதைத்தான் சொல்கிறது. அதுவும் ஆயில் சரியான அளவில் இருந்து, வண்டி ஆடாமல் அசையாமல் நிற்கும்போது. இன்ஜினியரிடம் அந்தப் பக்கத்தைத் திறந்து, எண்ணுக்கு முன்னால் இருக்கும் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். கவிழ்வதைப் பற்றி அதே புத்தகத்தில் வேறு இடத்தில் எழுதியிருப்பார்கள். அங்கே பெரும்பாலும் எண்ணே இருக்காது. தரை, சுமை, வேகம் எல்லாவற்றையும் பொறுத்தது என்றுதான் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. டிகிரியும் சதவீதமும் வேறு வேறு. 45 சதவீதச் சரிவு என்பது 24 டிகிரிதான். 45 டிகிரி என்றால் 100 சதவீதம். மனிதனே கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். சைட்டில் யாராவது 'நாற்பது' என்று சொன்னால், எந்த நாற்பது என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும்.

சரிவை நீங்களே அளக்கலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கட்டையின் ஒரு முனையைச் சரிவில் மேல்பக்கமாக ஊன்றி, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை அதன் மேல் வைத்து, கட்டையைச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து நேர்கீழாகத் தரை எவ்வளவு தூரம் என்று டேப்பில் பாருங்கள். 36 சென்டிமீட்டர் என்றால் 20 டிகிரி. 58 என்றால் 30 டிகிரி. 70 என்றால் 35. போனில் உள்ள மட்டம் பார்க்கும் வசதியும் உதவும், ஆனால் அதைச் சும்மா தரையில் வைத்தால் ஒரு கல்லின் சாய்வைத்தான் காட்டும். கட்டையைச் சரிவின் மேலே படுக்கவைத்து அதன் மேல் போனை வையுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டுத் திருப்திப்படாமல், வண்டி போகப்போகிற தடம் முழுக்க அளக்க வேண்டும்.

சரி, எத்தனை டிகிரி வரை போகலாம்? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் செங்குத்தான மலைகளில் மரம் வெட்டும் தொழில் பெரிது. அங்கே காட்டு வேலைக்கான பாதுகாப்பு விதியில், டயருக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் டோசர் மாதிரியான வண்டிகளுக்குப் பொதுவான வரம்பு 40 சதவீதம், அதாவது சுமார் 22 டிகிரி. ரப்பர் டயர் வண்டிக்கு 35 சதவீதம். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், தகுதியான ஒருவர் அந்த இடத்தை ஆராய்ந்து, பாதுகாப்பான வேலைமுறையை எழுதித் தந்த பிறகுதான். நல்ல பயிற்சியும் நல்ல வண்டியும் உள்ள இடத்திலேயே இப்படி என்றால், நம் சைட்டுகளில் அதைவிடக் கீழேதான் நிற்க வேண்டும். சரிவின் குறுக்கே ஓட்டுவதற்கு, தரை எப்படி என்று தெரியாத இடத்தில், 15 டிகிரி தாண்டினாலே நான் வண்டியை நிறுத்தச் சொல்வேன். இது விதி இல்லை, என் கணிப்பு. நேராக மேலும் கீழும் ஓட்டும்போது இன்னும் கொஞ்சம் தாராளம் உண்டு, ஏனென்றால் வண்டியின் நீளம் அதன் அகலத்தைவிட அதிகம்.

ஏன் இவ்வளவு குறைவாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு செயின்களுக்கும் இடையே, நடுவிலிருந்து நடுவுக்கு, 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரிச் சரிவில் குறுக்கே போகிறீர்கள். மேல்பக்கச் செயின் 30 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு பாறை மேல் ஏறுகிறது. அந்த ஒரு கல்லே எட்டு டிகிரிக்கு மேல் சாய்வைக் கூட்டிவிடும். அதே நேரத்தில் கீழ்ப்பக்கச் செயின் இளகிய மண்ணில் 30 சென்டிமீட்டர் புதைகிறது. இப்போது வண்டி நிற்பது சுமார் 37 டிகிரியில். நீங்கள் அளந்தது 20 தான், யாரும் பொய் சொல்லவில்லை. கூடவே முன்னால் மண் தள்ளும் பிளேடு தூக்கி இருந்தால் எடை மேலே போயிருக்கும். வண்டி பாறையிலிருந்து 'தொம்' என்று இறங்கும்போது வரும் உலுக்கல் வேறு. ஆகவே மேனுவலில் இருக்கிற எண்ணைவிடக் கீழ்ச்செயினுக்கு அடியில் இருக்கிற மண்தான் முக்கியம். டோசர் உருளும்போது பெரும்பாலும் முதலில் கைவிடுவது அந்த மண்தான்.

அதிலும் மோசமானது, நீங்களே தள்ளிப் போட்ட மண். மலையை வெட்டிப் பாதை போடும்போது உள்பக்கம் வெட்டிய தரை, வெளிப்பக்கம் தள்ளிய மண். பிளேடு போட்டு இழுத்துவிட்டால் இரண்டும் ஒரே மட்டமாக, ஒரே நிறமாகத் தெரியும். உள்பக்கம் காலங்காலமாக இறுகிய தரை. வெளிப்பக்கம் இன்று காலை கொட்டியது, ரோலர் காணாதது. வெளிச்செயின் அதன் மேல் ஏறியதும் விளிம்பு சரியும். இமயமலைப் பகுதியில் தகடு தகடாக உடையும் பாறை அதிகம். அந்த நொறுங்கல் ஒன்றோடொன்று பிடிக்காது. இரண்டு செயினும் வெட்டிய தரையில்தான் இருக்க வேண்டும். வெட்டு எங்கே முடிந்து கொட்டல் எங்கே தொடங்குகிறது என்பதைச் சுண்ணாம்புக் கோடோ கொடியோ வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் குறி கேட்டதற்காக யாரும் உங்களைக் கோழை என்று சொன்னால், அவர் டோசர் ஓட்டியவர் இல்லை.

அப்படியானால் குறுக்கே பாதை எப்படித்தான் வெட்டுவது? மேலிருந்து கீழே, படி படியாக. நியாயமாகப் பார்த்தால் முதல் படியை டோசர் வெட்டவே கூடாது. பொக்லைன் இருந்தால் அது ஒரு நல்ல இடத்தில் நின்று, கையை நீட்டி, தனக்கு முன்னால் ஒரு சமதளத்தை வெட்டிக்கொண்டு நகரும். டோசர் அதன் பின்னால் வந்து அகலப்படுத்தும். டோசரை மட்டும் வைத்து ஆரம்பிக்கத்தான் வேண்டும் என்றால், ஏற்கெனவே சமமாக உள்ள ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள். பிளேடின் மலைப்பக்க முனையைச் சற்றே தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். தளம் மலையை நோக்கி லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போது வண்டியும் மலையின் மேல் சாய்ந்து நிற்கும். வெளிப்பக்கம் சாய்ந்த தளத்தில் ஒரு மழை பெய்தால் போதும், வண்டி தானாக விளிம்பை நோக்கி நழுவும். மலைப்பக்கத்தில் தண்ணீர் தேங்காமல் ஓட வழி விடுவதும் உங்கள் வேலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பில் மண் தள்ளுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கடைசிக் குவியலை விளிம்பிலேயே விட்டுவிட்டு, அடுத்த குவியலால் அதைத் தள்ளுங்கள். பிளேடு விளிம்பைத் தாண்டவே கூடாது. பிளேடு காற்றில் தொங்கும் நேரத்தில் வண்டியின் எடை முழுக்க முன்பக்கத்துக்கு, அதாவது விளிம்புக்கு, வந்துவிடும். கீழே சாலையோ வீடோ ஆறோ இருந்தால் மண்ணைத் தள்ளவே கூடாது, டிப்பரில் ஏற்றி ஒதுக்கிய இடத்தில் கொட்ட வேண்டும். உங்கள் வண்டிக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்களா என்பதை இறங்கிப் பார்க்காமல் தொடங்காதீர்கள்.

இப்போது உங்கள் ஸ்டீயரிங் கிளட்ச் வண்டிக்கே உரிய ஒரு விஷயம். குவாரியின் சமதளத்தில் இது தெரியவே வராது. சமதளத்தில் இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்கு இன்ஜின் சக்தி நிற்கும், வலது செயின் ஓடும், வண்டி இடப்பக்கம் திரும்பும். கீழ்நோக்கி இறங்கும்போது நிலைமை தலைகீழ். அங்கே இன்ஜின் வண்டியை ஓட்டவில்லை, பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இடது லீவரைப் பாதி இழுத்தால் இடது செயின் அந்தப் பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக ஓடும். வலது செயினை இன்ஜின் இன்னும் பிடித்திருக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும்! இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம் என்று நினைத்துப் பாருங்கள். மலைப்பக்கம் ஒதுங்கத்தான் லீவரை இழுக்கிறீர்கள், வண்டி பள்ளத்தைப் பார்க்கிறது. பதறி இன்னும் கொஞ்சம் இழுத்தால், எவ்வளவு இழுத்தீர்கள் என்பதைப் பொறுத்து ஒன்று மோசமாகும் அல்லது திடீரென்று எதிர்ப்பக்கம் வெட்டும்.

இதற்கு வழி இரண்டு. எதிர்ப்பக்க லீவரைப் பயன்படுத்துவது ஒன்று. கிளட்ச் விடுபட்ட உடனே அதே பக்கப் பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பது மற்றொன்று. சில மாடல்களில் லீவரை முழுக்க இழுத்தால் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும், சிலவற்றில் பிரேக்குக்குத் தனிப் பெடல். உங்கள் வண்டி எந்த ரகம் என்று மெக்கானிக்கிடம் கேட்டு, ஆபத்தில்லாத சின்ன இறக்கத்தில் கைக்குப் பழகும்வரை செய்து பாருங்கள். ஆயில் அழுத்தத்தால் செயினை ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் வண்டிகளிலும், திரும்பும்போதும் இரண்டு செயினுக்கும் சக்தி போகிற டிஃபரன்ஷியல் ஸ்டீயரிங் வண்டிகளிலும் இந்தத் தொல்லை இல்லை. என்னைக் கேட்டால், இறக்கத்தில் திரும்பும் தேவையே வராதபடி மேலேயே வண்டியை நேராக்கிக்கொண்டு முதல் கியரில் இறங்குவதுதான் நல்லது. நியூட்ரல் போடவே கூடாது, கியர் மாற்றவும் கூடாது.

வழுக்க ஆரம்பித்தால்? பக்கவாட்டில் நழுவுகிறது என்றால் பிளேடில் உள்ள மண்ணை உடனே விட்டுவிட்டு, வண்டியின் மூக்கைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். கை தானாக மலைப்பக்கம் திருப்பத்தான் போகும், அது தவறு. மேல்நோக்கித் திருப்ப முயன்றால் கீழ்ச்செயின் மண்ணைத் தோண்டிக்கொண்டு இன்னும் புதையும். மூக்கு கீழே பார்த்துவிட்டால் வண்டியின் நீளம் உங்களுக்குச் சாதகம். அப்புறம் பிளேடைத் தரையில் இறக்கி வேகத்தைக் குறையுங்கள். பிரேக்கை ஒரேயடியாக மிதித்து இரண்டு செயினையும் பூட்டிவிட்டால் திருப்பும் சக்தியும் போய்விடும். சரிவில் இன்ஜின் நின்றுபோனால் பிரேக், பிளேடு தரையில், லாக். அதன் பிறகுதான் ஏன் நின்றது என்ற ஆராய்ச்சி.

காலையில் கிளம்பும் முன் வழக்கமான செக்கப்போடு நான்கு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆயில் மேல் கோட்டில் இருக்க வேண்டும். சரிவில் ஆயில் பிரஷர் முள் துடித்தால் அதற்கு மேல் போகாதீர்கள். செயின் தளர்ந்திருந்தால் குறுக்கே போகும்போது கழன்று விழும், எனவே மேனுவலில் சொன்ன தொய்வுக்குக் கொண்டுவாருங்கள். செயின் ஷூவின் பல் தேய்ந்து மழுங்கிய வண்டி, ஈரப் புல்லிலும் பாறைத் தகட்டிலும் பிடிக்கவே பிடிக்காது. டீசலையும் அடிமட்டத்துக்கு விடாதீர்கள், சாயும்போது குழாய் காற்றை இழுக்கும். ஹெல்பரை வண்டியில் ஏற்றவே வேண்டாம். சிக்னல் காட்டுபவர் மேல்பக்கம் அல்லது தூரத்தில், உங்கள் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிற்கட்டும். கீழ்ப்பக்கம் ஒருபோதும் இல்லை.

கடைசியாகத் தகரக் கூரை. அது வெயிலுக்கும் மழைக்கும் போட்டது. வண்டி உருண்டால் டன் கணக்கான எடையை அது தாங்காது. தாங்குவதற்கென்று கட்டுவது ரோப்ஸ் என்ற இரும்புக் கூண்டு. ஐஎஸ்ஓ 3471 தரப்படி சோதித்த கூண்டில் அதைச் சொல்லும் சிறு தகடு அடித்திருக்கும். பட்டறையில் குழாயை வெட்டி வெல்டிங் செய்து வைத்தது ரோப்ஸ் ஆகாது. ஏற்கெனவே ஒருமுறை உருண்ட வண்டியின் கூண்டும், யாரோ துளை போட்டு விளக்கு மாட்டிய கூண்டும் நம்பத் தகுந்தவை அல்ல. கூண்டு இருந்தாலும் சீட் பெல்ட் போடாவிட்டால் பயன் இல்லை; உருளும்போது ஆளை வெளியே வீசி, அவர் மேலேயே வண்டி உருளும். குதித்துத் தப்பலாம் என்பதும் அப்படித்தான், குதிப்பவர் பெரும்பாலும் விழுவது வண்டி வருகிற பக்கத்தில்.

ஆகவே உங்கள் டி80-ஐ இப்போது இருக்கிற நிலையில் சரிவில் ஏற்ற வேண்டாம். மண் கொட்டும் யார்டில் பரப்பும் வேலையும், அகலமாக வெட்டி முடித்த தளத்தைச் சமப்படுத்தும் வேலையும் அதற்குப் போதும், விளிம்பிலிருந்து தள்ளியே. சரிவு வேலைக்குப் பொக்லைனும், ரோப்ஸும் பெல்ட்டும் உள்ள டோசரும் வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் சரி. இன்ஜினியருக்கு அந்தச் செய்தி தேதியோடு போய்ச் சேர்ந்திருந்தால், 'தைரியமாகப் போ' என்று இரண்டாவது முறை சொல்வதற்கு முன் அவர் கொஞ்சம் யோசிப்பார்.