படுக்கையறைக்கு எந்தத் திரைச்சீலை வாங்கலாம், கட்டிலையும் பீரோவையும் எங்கே போடலாம்?

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் வழக்கமாகத் தூங்கும் நேரத்தில், அந்த அறையின் தரையில் எதையாவது விரித்து அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். வெளிச்சம் எங்கிருந்து கண்ணில் விழுகிறது, சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். துணியும் நிறமும் அதற்கப்புறம்தான். (அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துச் சொல்கிறேன்.)

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் செவிலியர். 9 வருடமாகப் பெரும்பாலும் நைட் டூட்டிதான். காலை 9 மணிக்குப் படுத்தால் மதியம் 3 வரை தூங்கியாக வேண்டும். எங்கள் படுக்கையறை ஜன்னலோ கிழக்குப் பார்த்தது.

முதலில் வாங்கியது அடர் மெரூன் நிறத் திரை. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெயில் கோடு விழும். ஒன்பதரைக்கு எதிர்ச் சுவரில் நிற்கிற கோடு, வெயில் ஏற ஏற இறங்கி, பத்தரைக்கு என் தலையணைக்கு வந்துவிடும். தலையைத் திருப்பிப் படுப்பேன், கொஞ்ச நேரத்தில் அங்கேயும் வரும். துணி போதவில்லை என்று நினைத்து, வெளிச்சமே புகாத பிளாக்அவுட் துணியை அதிக விலை கொடுத்து வாங்கி மாட்டினோம். கோடு அப்படியே இருந்தது.

ஒருநாள் தூக்கம் வராமல் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் புரிந்தது, வெளிச்சம் துணி வழியாக வரவே இல்லை. கடையிலிருந்து வந்தவர் திரைக் கம்பியை ஜன்னல் சட்டத்தின் அகலத்துக்கே மாட்டியிருந்தார். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று விரல் இடைவெளி. பக்கவாட்டிலும் மேலேயும் தாராளமாக வழி விட்டுவிட்டு, நடுவில் மட்டும் காசைக் கொட்டியிருக்கிறோம்.

கம்பியை மாற்றினோம். சட்டத்துக்கு மேலே ஒரு சாண், இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளி, முனைகள் வளைந்து சுவரைத் தொடுகிற மாதிரியான கம்பி. துணி, கம்பியின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு அகலம். பழைய மெரூன் திரையையே எடுத்து, பின்னால் பிளாக்அவுட் துணியை லைனிங்காக வைத்துத் தைக்கக் கொடுத்தேன். அன்று 9 மணிக்குப் படுத்தவள் இரண்டே முக்காலுக்குத்தான் எழுந்தேன்.

கண்பட்டை கட்டிக்கொண்டால் போதாதா என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தேன், புரண்டு படுத்தால் நழுவிவிடுகிறது. அறையை இப்படி இருட்டாக்குவது உடம்புக்கு நல்லதா என்றும் சிலர் கேட்பார்கள். இரவில் தூங்குபவர்களுக்குக் காலை வெளிச்சம் தேவைதான், உடலின் கடிகாரம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. நீங்கள் அப்படி என்றால் இரட்டைக் கம்பி போட்டு, மெல்லிய திரை ஒன்று, கனமான திரை ஒன்று என்று மாட்டுங்கள். எழுந்ததும் கனமானதை விலக்கிவிடலாம். எனக்கு வேலை முடிவதே விடிந்தபிறகுதான், அதனால் என் கணக்கு வேறு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. காலை 11 மணிக்குப் போன் செய்து, "இன்னுமா தூங்குற?" என்று கேட்கும் உறவினர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுராத்திரி 2 மணி எப்படியோ, இரவு வேலை பார்ப்பவருக்குப் பகல் 11 மணி அப்படி. ராத்திரி முழுக்க நோயாளிகளின் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தவளைச் சோம்பேறி மாதிரி பேசினால் மனசு விட்டுப்போகிறது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து அந்த நேரத்தில் எழுப்பாதீர்கள்.

சரி, துணிக்கு வருகிறேன். கடையில் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள், எவ்வளவு தடுக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். பருத்தி என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு தையலுக்குக் கொடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே சுருங்கித் தரைக்கு மேலே நிற்கும். ரோலர் பிளைண்ட் (மேலே சுருட்டிவிடுகிற திரை) என்றால் சட்டத்துக்கு உள்ளே மாட்டாமல், சட்டத்தை மூடுகிற மாதிரி வெளியே மாட்டச் சொல்லுங்கள். உள்ளே மாட்டினால் இரண்டு ஓரத்திலும் வெளிச்சம் வரும். வீட்டில் குழந்தை இருந்தால் கயிறு தொங்குகிற பிளைண்ட் வேண்டவே வேண்டாம். அந்தக் கயிறு கழுத்தில் சுற்றிக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள், கயிறில்லாத வகைதான் வாங்க வேண்டும். மேற்குப் பார்த்த ஜன்னலாக இருந்தால், வெப்பம் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் திரை அதைத் தடுக்கிறது. முடிந்தால் வெளியே நிழலுக்கு ஏதாவது போடுங்கள். முடியாவிட்டால் லைனிங்கின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும்.

கட்டில், பீரோ விஷயத்தில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாங்குவதற்கு முன் செய்தித்தாளை அந்தந்த அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்துவிடுங்கள். குயின் கட்டிலுக்கான மெத்தை 5 அடிக்கு 6½ அடி, கட்டில் சட்டம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பீரோவின் ஆழம் ஏறக்குறைய 2 அடி. ஆனால் பீரோவை மட்டும் அளந்தால் போதாது, அதன் கதவு திறந்து நிற்கும் இடத்துக்கும் தாள் விரிக்க வேண்டும். நாங்கள் அதை விட்டுவிட்டோம். பீரோ கதவு பாதி திறந்ததும் கட்டிலில் இடிக்கும். யூனிபார்மை அந்த இடுக்கு வழியாக இழுத்தே மூன்று வருடம் ஓட்டினேன். கடைசியில் கட்டிலை ஒருபக்கச் சுவரோடு ஒட்டிப் போட்டோம், இப்போது கதவு முழுசாகத் திறக்கிறது. பகலில் நான் மட்டும்தான் படுப்பதால் ஒருபக்கம் அடைந்தது எனக்குப் பிரச்சினையாக இல்லை. இரண்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் எழுந்து போகிறவர்கள் என்றால் இரண்டு பக்கமும் 2 அடியாவது விட்டுவிடுங்கள். அதற்கு இடம் பற்றாவிட்டால் தள்ளுகதவு வைத்த பீரோ வாங்குங்கள்.

அப்புறம், உயரமான பீரோ எதுவானாலும் மேல்பக்கத்தைச் சுவரோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டுவிடுங்கள். டிராயரைப் படியாக்கிக் குழந்தை ஏறினால் அப்படியே சாய்ந்துவிடும்.